தீர்ப்பு வந்த வெள்ளிக்கிழமை கிண்டிய கேசரி

என்னைப் பெற்றவளை நான் பழித்தேன். ஓர் அறை நிறைய ஆட்கள் கேட்க, வாய் கூசாமல், சத்தமாகப் பழித்தேன். இதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. வேறு எவரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்... நீங்கள் என் முகத்தை அறியாதவர் என்ற ஒரே தைரியத்தில்!

போதையில் உளறியதாக நினைத்துவிடாதீர்கள். கோபமும் இல்லை. முழுப் பிரக்ஞையோடு, கையில் கரண்டியோடு நின்று சொன்னேன்.

அமீரகத்தில், புஜைரா துறைமுகத்தை ஒட்டி எண்ணெய்த் தொட்டிகள் கட்டும் சைட்டில் நான் ஸ்டோர்கீப்பர். ஊரில் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. என் அம்மாவின் உடன்பிறந்த தம்பி, என் தாய்மாமன். அவருக்காக அடிதடிக்குப் போய், இடுப்பில் கள்ளத்துப்பாக்கியைச் செருகிக்கொண்டு திரிந்தவன் என் ஒரே அண்ணன்.

நாங்கள் தங்கும் கேம்ப்பில் இது ஒருவருக்கும் தெரியாது. வந்த முதல் வாரமே மறைத்துவிட்டேன். எங்கள் அறையில் ஆறு பேர். மூத்தவர் முருகேசன் அண்ணன், வெல்டர், எங்கள் தொகுதிக்காரரே! எங்கள் டவுனிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தள்ளி அவர் கிராமம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தன் கதையைச் சொல்லிவிட்டார்.

கல்குவாரியில் வைக்கும் வெடியால் வீட்டுச் சுவரெல்லாம் விரிசல் விடுகிறது என்று அவருடைய தம்பி கலெக்டரிடம் மனு கொடுத்திருக்கிறான். மறுநாள் டீக்கடையில், நாலு பேர் பார்க்க, எம்.எல்.ஏ.வின் அக்கா மகன் அவன் நெஞ்சில் துப்பாக்கியை வைத்திருக்கிறான். அன்று ஊரை விட்டு ஓடியவன் இன்னும் திருப்பூரில்தான் இருக்கிறானாம். பட்டாசுச் சத்தம் கேட்டால்கூடக் கதவைச் சாத்திக்கொள்வானாம்.

"நீ எந்த ஊருப்பா?" என்று கேட்டார்.

"திருச்சிண்ணே. டவுனுக்குள்ளயே."

ஆறாம் வகுப்பிலிருந்து நான் திருச்சி ஹாஸ்டலில் படித்தவன். அதனால் பொய் சுலபமாக வந்தது. என் முகம் ஊரில் பலருக்குத் தெரியாமல் போனதும் அதனால்தான்.

இரண்டு வருடம் அவர் சமைத்ததை நான் உண்டேன், நான் சமைத்ததை அவர் உண்டார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தார். ஆனால் ஊரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு துணி துவைக்கப் போய்விடுவேன். அம்மாவிடம் பேசவேண்டுமென்றால் போன் கார்டோடு கடற்கரை வரை நடப்பேன். இன்னும் ஐந்து பேர் மூச்சுவிடும் அறையில் அப்படியொரு தனிமை இருக்க முடியுமா? இருந்தது! இன்னும் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை என் சமையல் முறை. லீவு நாள் என்பதால் எல்லோரும் அறையில் இருந்தார்கள். பகல் செய்தியில் எம்.எல்.ஏ.வின் பெயர் வந்தது. அடுத்து அண்ணன் முகம். உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்த வழக்கில் குற்றவாளி... மூன்று ஆண்டு சிறை. துண்டால் தலையை மூடிக்கொண்டு போலீஸ் வேனில் ஏறினான். ஏறும்போது கால் இடறியது.

அறையே கொண்டாடியது! பக்கத்து அறைகளிலிருந்து ஓடிவந்தார்கள். சேகர் என்ற பெயின்டர் கட்டிலின் மேல் ஏறி நின்று விசிலடித்தான். "ஆடுன ஆட்டமென்ன, பாட்டமென்ன! கலாஸ்டா, கலாஸ்! எல்லாம் முடிஞ்சுது!" "க்யா ஹுவா பாய்?" என்று கேட்டபடி வந்த ஹிந்திக்காரனுக்கும் விளக்கிச் சொன்னார்கள். அவனும் கை தட்டினான். யார் வீட்டுத் துப்பாக்கி என்று அவனுக்கென்ன தெரியும்? இருந்தும் தட்டினான். பெரிய இடத்துப் பிள்ளை ஒருவன் உள்ளே போகிறான் என்றால் ஏழைக்கு எந்த ஊரானாலும் மனம் குளிர்கிறது. அதைத் தவறென்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

முருகேசன் அண்ணன் மட்டும் கூச்சல் போடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ரவி, இன்னிக்கு உன் முறைதானே? ஒரு கேசரி கிண்டுடா தம்பி."

கிண்டினேன். ரவையை வறுத்தேன், நெய் விட்டேன், முந்திரி போட்டேன். அண்ணன் சிறைக்குப் போன நாளில் என் கையால் இனிப்பு! அதோடு நின்றிருக்கக் கூடாதா? "என்ன ரவி, நீ மட்டும் உம்முனு இருக்க?" என்று சேகர் கேட்டான். எல்லோரையும்விட நான் அதிகமாகத் திட்டினால்தான் சந்தேகம் வராது என்று தோன்றியது. சொன்னேன்...

"இவனைச் சொல்லி என்ன இருக்கு? இவனைப் பெத்தா பாருங்க, அவளை முதல்ல உள்ள தூக்கிப் போடணும்! ஒழுங்கானவ வயித்துல இப்படியொரு பிள்ளை பொறக்குமா?"

சிரித்தார்கள். அடேயப்பா, எவ்வளவு சிரிப்பு!

முருகேசன் அண்ணன் சிரிக்கவில்லை.

"பெத்தவங்கள எதுக்குடா இழுக்கற? அந்தம்மா என்ன பண்ணும், பாவம்" என்றார். "போன வருசம் ஒருநா பஸ் ஏறி எங்க வீட்டுக்கே வந்துச்சாம். எங்கம்மா கையப் புடிச்சுட்டு, எம்மவன மன்னிச்சிருங்கன்னு ஒரே அழுகை. சின்னவன் ஒருத்தன் கல்ஃப்ல இருக்கான், அவனாவது மனுசனா இருப்பான்னு சொல்லுச்சாம். இனிமே அந்தம்மாவ அப்படிப் பேசாத."

சரிண்ணே என்றேன். எல்லோருக்கும் கேசரி வைத்தேன், நானும் தின்றேன்.

நெஞ்சில் துப்பாக்கி வைக்கப்பட்டவனின் அண்ணன் என் தாய்க்காகப் பேசுகிறார். அவள் வயிற்றில் பிறந்த நான் அவளைச் சந்திக்கு இழுக்கிறேன்! அந்த நொடியில் அவர் காலில் விழுந்து, அந்தச் சின்னவன் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அடிப்பார்கள் என்றா? இல்லை... அவருடைய அன்பு போய்விடுமே என்று. அந்த அறையில் எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

மாலையில் அம்மாவை அழைத்தேன். "அங்க உன்னை யாரும் ஒண்ணும் சொல்லலியேப்பா?" என்றுதான் முதலில் கேட்டாள். இல்லையம்மா என்றேன். "நல்லது. இன்னார் வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிக்காத சாமி" என்றாள்.

அடுத்த வருடம் முருகேசன் அண்ணன் விசாவை முடித்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். கிளம்பும்போது என்னைக் கட்டிக்கொண்டார். எங்கள் டவுன் பஸ் ஸ்டாண்டு வாசலில் வெல்டிங் பட்டறை போட்டிருப்பதாகப் போனில் சொன்னார். "ஊருக்கு வந்தா எங்கம்மா கையால சாப்பிடாம போகக்கூடாது" என்றார். பஸ்ஸை விட்டு இறங்குபவன் எவனும் அந்தப் பட்டறையைத் தாண்டித்தான் நடக்கவேண்டும். யார் வீட்டுக்கு வந்தாய் என்று கேட்டால்? அவர் கை ஓங்கமாட்டார். "நீயாடா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். அதைத் தாங்க என்னால் ஆகாது.

அதனால் நான் ஊருக்குப் போவதே இல்லை. லீவுச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு கேம்ப்பிலேயே கிடக்கிறேன். லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் மூன்று வருடமாகச் சொல்லிவருகிறேன். போன மாதம் அவளே கேட்டாள், "அண்ணன் ஜெயிலுக்குப் போய் வந்தவன்னு வெக்கப்பட்டுத்தானே வரமாட்டேங்கற?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் "ஆமாம்மா" என்றேன். என் பாவத்தையும் தூக்கி அவன் தலையில் போட்டேன்!

தண்டனை முடிந்து வந்ததிலிருந்து அண்ணன்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமனிடம் போவதை விட்டுவிட்டான். முழங்கால் வலிக்கும் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது முதல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது வரை எல்லாம் அவன்தான். நான் சொன்ன அந்த 'ஆமாம்மா'வை அவள் அவனிடம் சொல்லியிருக்கிறாள்.

நேற்று அழைத்தபோது அவள் குரல் தழைந்திருந்தது. அண்ணன் போன வாரமே துணிமணியை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டானாம். நான் இருக்கிற வரைக்கும் தம்பி வரமாட்டான், அவன் வந்து உன்னைப் பார்க்கட்டும் என்றானாம். எங்கே போகிறான் என்று சொல்லவில்லை.

"இனிமே வருவல்லப்பா?" என்று கேட்டாள்.

லீவு கிடைக்கவில்லை அம்மா என்றேன்.