பெருக்கல் குறி போட்ட கதவு

கத்திவாக்கம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் பேரிடர்த் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். பதினாறு பெண்கள். வலையையும் இறாலையும் விட்டுவிட்டு வந்து உட்காருபவர்களிடம் புயல், வெள்ளம், தீ, வாயுக் கசிவு என்று நான் பேசிக்கொண்டே போவேன். எனக்குப் பொறுமை குறைவு. நடுவில் யாராவது சிரித்தால் சுள்ளென்று விழுவேன். அவர்களும் லேசில் விட மாட்டார்கள். "அக்காவுக்கு இன்னிக்கு வூட்ல சண்ட போல கீது" என்பார்கள்.

வாயுக் கசிவுக்கு இரண்டு விதிகள் சொல்லியிருந்தேன். ஒருத்திக்குப் பத்து வீடு. உள்ளே போய்ப் பார்த்து, ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட வேண்டும். குறி இருந்தால் உள்ளே யாரும் இல்லை என்று அர்த்தம். இரண்டாவது விதி, சொந்த வீடு தன்னுடைய பத்தில் வரக் கூடாது. வந்தால் எல்லாரும் முதலில் அங்கேதான் ஓடுவார்கள், மற்ற ஒன்பது வீடும் அம்போ. இது நானே யோசித்த விதி. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அதை எதிர்த்தவள் ஒருத்திதான். அவள் புருஷனுக்குக் கன்டெய்னர் யார்டில் நைட் ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் மத்தியானம்தான் எழுந்திருப்பார்.

"அவரு தூங்குனா இடி வுழுந்தாலும் தெரியாதுக்கா. எங்கூட்ட நானே பாத்துக்குறனே."

"கடைசித் தெருக்காரி உன் வீட்டைப் பாத்துப்பா. ஒருத்தரை ஒருத்தர் நம்பாட்டி இந்த வேலையே நடக்காது" என்று அவள் வாயை அடைத்தேன்.

ஒத்திகை அருமையாக நடந்தது. அவள் புருஷன்கூடக் கண்ணைக் கசக்கிக்கொண்டு லுங்கியோடு வந்து நின்றார். முடிந்ததும் குறிகளைத் துடைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கிளம்பிவிட்டேன்.

அடுத்த முறை போனபோது அவள் வீட்டுக் கதவில் குறி அப்படியே இருந்தது. சாக்பீஸ் கோட்டின் மேல், படகுக்கு அடித்து மீந்த வெள்ளைப் பெயிண்டால் அவள் புருஷனே அழுத்தமாக இழுத்து வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"அழிச்சா லிஸ்ட்ல பேரு பூடும்மா" என்றார்.

போன வெள்ளத்தின்போது அதிகாரிகள் வந்து கதவுகளில் எண் போட்டுப் போனார்களாம். அவர்கள் வீட்டு எண் மழையில் கரைந்துபோனதால் நிவாரணம் எதுவுமே வரவில்லையாம். அன்றிலிருந்து கதவில் யார் எதைக் கிறுக்கினாலும் அவர் துடைக்க விடுவதில்லை. நான் எவ்வளவு விளக்கியும் தலையை மட்டும் ஆட்டினார். அவள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அடுத்த ஒத்திகைக்குள் சுரண்டிவிடச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். ஆபீஸில் இதை ஜோக்காகச் சொன்னதை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அதற்கடுத்த வாரம் காலை வகுப்பு ஆரம்பித்த சற்று நேரத்தில் முதலில் எனக்குத்தான் தொண்டை கரகரத்தது. தண்ணீர் குடித்தேன். முன்வரிசையில் ஒருத்தி கண்ணைத் தேய்த்தாள். பிறகு எல்லாரும் தேய்த்தார்கள். வடக்கிலிருந்து காற்று, அதோடு மூக்கைக் குத்தும் நெடி. வடக்கே இருந்த ரசாயன ஆலையில், வாயு கசிந்தால் ஊத வேண்டிய சங்கு ஊதவே இல்லை. விசிலை எடுத்துக்கொண்டு பதினாறு பேரும் தெருக்களுக்குள் ஓடினார்கள். காற்றுக்குக் குறுக்கே, மேற்கில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளி மைதானத்தில் தலை எண்ணுவது என் வேலை.

அவள் தன்னுடைய பத்து வீட்டு ஆட்களையும் ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தாள். இடுப்பில் யாருடையதோ ஒரு குழந்தை. அதை இறக்கிவிட்டுக் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்கூட்டுக்காரரு எங்க?"

கடைசித் தெருக்காரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஒங்கதவுல குறி இருந்துச்சி. மனசு கேக்காம நீயே முன்னாடி வந்து கூட்டினு போயிட்டேன்னு நெனச்சி அடுத்த வூட்டுக்குப் போயிட்டேன்."

அவள் திரும்பி ஓடப் பார்த்தாள். நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். முகமூடி இல்லாமல் உள்ளே போனால் இரண்டு பேரைத் தூக்க வேண்டியிருக்கும் என்று கத்தினேன். வகுப்பில் சொல்லிக்கொடுத்த அதே வாக்கியம்தான். "வுடுக்கா, வுடு" என்றாள். பிறகு என் கையைக் கடித்தாள். நான் விடவில்லை. தீயணைப்பு வண்டி வரும்வரை, முகமூடிக்காரர்கள் அவள் தெருவுக்குள் போய்த் திரும்பும்வரை, அவளை நான் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர் இருந்தது. கதவுப் பக்கமாகத் தவழ்ந்து வந்து, தாழ்ப்பாள் எட்டாமல் விழுந்து கிடந்தாராம். இன்றைக்கும் நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். பேசினால் காற்றுதான் வருகிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கடித்த இடத்தில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. அந்த வண்டி வராமலே போயிருந்தா, என் கைய வுட்டிருப்பியா?"

"விட்டிருப்பேன்" என்றேன்.

பொய். அது பொய் என்று அவளுக்கும் தெரிந்தது.