டோல்கேட் பிரஸ்ல நான் எழுதின ஒரு உவமை

அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசனை... எங்கயாவது மூக்குல ஏறினா போதும், எனக்கு டோல்கேட் பிரஸ் ஞாபகம் வந்துடும்.

பி.ஏ. தமிழ் முடிச்ச கையோட நான் சேர்ந்த முதல் வேலை அங்கதான். சின்ன பிரிண்டிங் பிரஸ்ல, கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கிற டிடிபி ஆபரேட்டர். உள்ள ஒரே ஒரு ஆப்செட் மெஷின். வெளிய ஹை ரோட்ல ஹார்பருக்குப் போற கன்டெய்னர் லாரி வரிசை. பெரிய லாரி ஏதாவது போனா என் மானிட்டர் ஒரு ஆட்டம் ஆடி நிக்கும்.

கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பில் புக் எல்லாம் வரும். ஆனா அதிகமா வர்றது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். போட்டோ, பேரு, தேதி, கீழ ரெண்டு வரி கவிதை. அந்தக் கவிதை என் டிபார்ட்மென்ட்.

ஓனர் பாய் என்னை "தமிழம்மா"ன்னுதான் கூப்பிடுவார். கிண்டல்தான்... ஆனா உள்ளுக்குள்ள எனக்குப் பெருமை தாங்காது. கடையில பழைய போஸ்டர்ல இருந்த கவிதையை எல்லாம் ஒரு நோட்டுல எழுதி, எதுகைக்கு சிவப்புக் கோடு, மோனைக்குப் பச்சைக் கோடுன்னு போட்டு வெச்சிருந்தேன். அப்பான்னா ஆலமரம். அம்மான்னா அணையா விளக்கு. ஏரியாவுல கொஞ்சம் கெத்தா இருந்தவர்னா சிங்கம். நான் இருந்த வரைக்கும் அந்த ஏரியாவுல எத்தனை சிங்கம் சாய்ஞ்சுதோ!

ஒரு நாள் காலையில காத்திவாக்கத்துல இருந்து ஒருத்தர் வந்தார். அவரோட அண்ணன் இறந்துட்டாராம். போட்டோவையும் ஒரு துண்டுச் சீட்டையும் டேபிள்ல வெச்சார்.

"என்ன மாதிரி எழுதட்டும்ணா?"

"தங்கமான மனுசன்மா. நல்லதா ரெண்டு வரி போடு."

அதுக்கு மேல அவரால பேச முடியல. கண்ணு ரெண்டும் செவந்து கிடந்துச்சு. நானும் எதுவும் கேக்கல. கேட்டிருக்கணும்.

கடல் போன்ற மனம் கொண்டாய்...
உடல் நீங்கி ஏன் சென்றாய்...

அடிச்சு முடிச்சதும் எனக்கு ஒரே சந்தோஷம். கடல், உடல் எதுகை. கொண்டாய், சென்றாய் இயைபு. உவமை வேற. ரெண்டே வரியில மூணு! மத்தியானம் அவர் வந்து போஸ்டர் ரோலை வாங்கிட்டுப் போனார். பிரிச்சுக்கூட பாக்கல.

சாப்பிட்டுட்டு வந்த பாய், மிச்சம் இருந்த ஒரு போஸ்டரை எடுத்துப் பாத்தார். முகம் மாறிடுச்சு.

"இன்னாமா எழுதி வெச்சிகீற? இவுரு எப்டி செத்தாருனு தெரியுமா ஒனக்கு? முகத்துவாரத்தாண்ட மீன்புடி போட்டு கவுந்துச்சே... அதுல போனவரும்மா. மூணு நாள் கயிச்சுதான் பாடியே கெடச்சிது."

அந்த ரெண்டு வரியை இன்னொரு தடவை படிச்சேன். கடல்... உடல்...

"ஒட்றதுக்குள்ள போயி வாங்கினு வா"ன்னார் பாய்.

ஷேர் ஆட்டோல ஏறினேன். திருவொற்றியூர் தாண்டி வழி பூரா லாரி நெரிசல். அழுதுக்கிட்டேதான் போனேன்.

வாசல்ல சாமியானா போட்டிருந்தாங்க. இறந்தவரோட சம்சாரம், அந்தக்கா, சுவர் ஓரமா உக்காந்திருந்தாங்க. மடியில போஸ்டர் விரிஞ்சு கிடந்துச்சு. படிச்சுட்டாங்க.

"அக்கா... பிரஸ்ல இருந்து வர்றேன். நான்தான்கா எழுதினேன். விஷயம் தெரியாம எழுதிட்டேன்கா..."

திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அந்தக்கா முதல் வரி மேல விரலை வெச்சாங்க.

"கடலுக்கு மனசுனு ஒண்ணு கீதா கண்ணு?"

விரல் மேல இருந்த போட்டோவுக்கு நகர்ந்துச்சு.

"இருந்திருந்தா அவர வுட்டிருக்கும்ல. இவுருக்கு இருந்துச்சு."

மூணு வருஷம் அணியிலக்கணம் படிச்சவ நான். இது என்ன அணின்னு கேட்டிருக்காங்க. இது நிஜமான்னு யாருமே கேட்டதில்ல.

பக்கத்துல உக்காந்தேன். அண்ணன் வீட்டுல எப்படிக்கா பேசுவாருன்னு கேட்டேன். காலையிலயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"இன்னா பேசுவாரு... கடலுக்குக் கெளம்பசொல்ல ஒண்ணே ஒண்ணுதான். 'கொயம்பு கொதிக்கிறதுக்குள்ள வந்துருவேன்'னுவாரு. வர்றது மறுநாளு மத்தியானம். தெனிக்கும் அதே பொய்யி..."

சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க.

"அதையே போடட்டுமாக்கா?"

மடியில இருந்த போஸ்டரைச் சுருட்டி, ஒட்டாம இருந்த ரோலோட சேர்த்து என் கையில குடுத்தாங்க. "போடு. அவுரு சொல்றாப்பலயே போடு."

பிரஸ்ல பாய் படிச்சுப் பாத்துட்டு, "இன்னா தமிழம்மா, இது அஞ்சலி போஸ்டரா, மெஸ் போர்டா?"ன்னார். அப்புறம் நான் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு, அவரே போய் மெஷினைப் போட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நாங்க ரெண்டு பேரும் போனோம். தெருமுனைச் சுவர்ல புது போஸ்டரை ஒட்டியிருந்தாங்க. மீன்கூடையோட போன ரெண்டு பொம்பளைங்க நின்னு படிச்சாங்க. "அவுரே சொல்றாப்பல கீதுடி"ன்னு ஒருத்தி சொன்னா.

கொயம்பு, கொதிக்க... மோனை அதுபாட்டுக்கு அங்க இருந்துச்சு. பொய்யின்னாங்களே, அது உயர்வு நவிற்சி. நான் நோட்டுல எந்தக் கோடும் போடல.

இப்ப எல்லாம் போன்லயே டெம்ப்ளேட் வந்தாச்சு. போட்டோவைப் போட்டா கவிதையும் சேர்ந்தே வந்துடுது. சிங்கம் இன்னும் சாய்ஞ்சுக்கிட்டுதான் இருக்கு. அப்ப சுவர்ல ஒட்டினது மழை வர்ற வரைக்குமாவது நிக்கும்... ஸ்டேட்டஸ் ஒரே நாள்ல போயிடுது. பாய் கடை இருந்த இடத்துல மொபைல் கடை. நான் ஒரு ஸ்கூல்ல நிஜமாவே தமிழம்மா.

போன மாசம் மீன் மார்க்கெட்ல எறா வாங்கப் போயிருந்தேன். "பிரஸ்ஸு பொண்ணுதானே நீ?"ன்னு ஒரு குரல். மீன்கூடை முன்னாடி உக்காந்து வித்துட்டிருந்தது அந்தக்காதான். தலை பூரா நரைச்சிருந்துச்சு. எப்படிக்கா இருக்கீங்கன்னு கேட்டேன்.

எறாவை அள்ளிப் பையில போட்டுக்கிட்டே சொன்னாங்க.

"எனுக்கு இன்னா கண்ணு, நல்லாத்தான் கீறேன். கொயம்பு இன்னும் கொதிக்கல... அதான் அவுரு வர்ல."

சிரிச்சுக்கிட்டேதான் பையை நீட்டினாங்க. நான்தான் வாங்கத் தோணாம நின்னுட்டு இருந்தேன்.