குவார்ட்டர்ஸில் எங்கள் அறை

குவார்ட்டர்ஸ் என்பதை நான் ஆங்கிலச் சொல்லாகவே நினைத்ததில்லை. ஐம்பதுகளில், ஜாலான் புசார் சாலைக்குப் பின்னால், சாலைத் தொழிலாளர்களுக்கென்று கட்டிய வரிசை அறைகளில் வளர்ந்தவளுக்கு அது அம்மா, சோறு மாதிரி ஒரு வீட்டுச் சொல். குடும்பத்துக்கு ஓர் அறை. குழாயும் கக்கூசும் பொது.

பின்னாளில் ஆங்கில ஆசிரியை ஆனபோது அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் நான்காவது என்ற சொல்லிலிருந்து வந்ததாம். அங்கிருந்து கால் பங்கு, கால் மணி, ஊரின் ஒரு பகுதி, சிப்பாய்கள் தங்குமிடம். தோற்றவனைக் கொல்லாமல் விடும் இரக்கத்துக்கும் அதே சொல்தானாம். ஏன் என்று அகராதிக்காரர்களுக்கே நிச்சயமில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. இரக்கமாம், இரக்கம்! எங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்: வேலை இருக்கும்வரை கூரை.

அப்பா செத்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. தார் காய்ச்சும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான்காம் நாள் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. இங்கிலீஷ் பள்ளியில் படித்த நான்தான் அதை வாசித்துச் சொன்னேன். இறந்தவரின் மனைவிக்குத் தெருக்கூட்டும் வேலை உண்டு. சேர்ந்தால் அறையும் அவளுக்கே. இறந்த நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும். தவறினால் அறையைக் காலி செய்ய வேண்டும்.

அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, மூன்று அறை தள்ளி இருந்தார். கேட்டுவிட்டு, முடியாது என்று தலையை ஆட்டினார்.

"பதினாறாம் நாள் காரியம் முடியாம அவ எப்படி வாசப்படி தாண்டுவா? மண்டோர்கிட்ட நான் சொல்றேன். ரெண்டு நாள்தானே?"

அப்பா வேலை பார்த்த குழுவுக்கு மேலாளாக இருந்த மண்டோரும் தமிழர்தான். வாசலுக்கே வந்து சொன்னார்: "நம்ம வழக்கம் எனக்குத் தெரியாதா? ரெண்டு நாள்தானே, பாத்துக்கலாம்லா." எல்லாருக்கும் நிம்மதியாகிவிட்டது.

அம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பதின்மூன்றாம் நாள் காலை, ஆண்கள் வேலைக்குப் போன பிறகு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"ஏன்டி, நீ கூட வர்றியா? போய் கையை வச்சிட்டு வந்துடலாம். எனக்கு அங்க பேசத் தெரியாதுடி."

குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். துக்கக்காரி எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அப்புறம் மாதக்கணக்கில் பேசுவார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பாவி, நான் சொன்னேன்: "வேணாம்மா, எல்லாரும் ஒரு மாதிரி பேசுவாங்க. அதான் மண்டோர் சொல்லிட்டாரே."

அம்மா மறுபடி சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பதினேழாம் நாள் போனோம். மேசையில் இருந்தவர் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். வேலையை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது, அறைக்கும் ஆள் வருகிறார் என்றார். காரியம், பதினாறு நாள் என்றெல்லாம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். கடிதம் கிடைத்ததா இல்லையா என்று மட்டும் கேட்டார். கிடைத்தது என்றேன். மண்டோர் அந்த வாரம் முழுக்க எங்கள் கண்ணிலேயே படவில்லை.

அம்மா காத்தோங்கில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்குச் சமையல் வேலைக்குப் போனாள். அங்கேயே தங்க வேண்டும், பிள்ளையைக் கூட்டி வரக்கூடாது. நான் பெரியப்பா அறையிலிருந்து பள்ளிக்கூடம் போவதென்று பேசி முடித்தார்கள். பழைய அறையில் வேறு யாரோ குடியிருப்பதை நான் தினமும் பார்க்கத்தான் வேண்டும்.

கிளம்புகிற காலையில் அம்மா எனக்கு ரெட்டைச் சடை பின்னிவிட்டாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ரிப்பனை முடிந்துகொண்டே, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"அன்னிக்கு நீ வர்றேன்னு சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்டி."

மறுபக்க ரிப்பனையும் முடிந்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.