மூன்றாவது யன்னல்

உடையார்கட்டு நெல் ஆலை எனக்குப் பின்னால் இரண்டு கட்டை தூரத்தில் இருந்தது. நாலு மாதம் அங்கே மூட்டை தூக்கினேன். ஒருவரோடும் சண்டையில்லை. ஓரிடத்தில் கூடுதலாக நின்றால் எனக்குக் கால் உளையும், அவ்வளவுதான். பரந்தன் வீதியில் மேற்கே நடந்துகொண்டிருந்தேன். பையில் இரண்டு சாரம், ஒரு சேட்டு, ஒரு விண்கலம்.

பிளாஸ்டிக் விண்கலம். ஒரு சாண் நீளம், சாம்பல் நிறம், பக்கத்தில் ஆறு வட்ட யன்னல்கள். சின்ன வயதில் முல்லைத்தீவில், வற்றாப்பளைக் கோயில் பொங்கல் கடையில் அப்பா எனக்கு இப்படி ஒன்று வாங்கித் தந்தார். வாய்க்காலில் விட்டால் ஓடிப்போகாமலிருக்க, அதன் வாலில் சூடான ஆணியால் துளைபோட்டு நூலும் கட்டித் தந்தார். பிறகு வந்த இடப்பெயர்வுகளில் அதுவும் போனது, அப்பாவும் போனார். அவர் கையிலிருந்து வந்த பொருள் வேறு எதுவும் என்னிடம் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் கிணறு துப்புரவாக்கப் போன இடத்தில், அடிச்சேற்றுக்குள் இதைக் கண்டெடுத்தேன். வால் முறிந்திருந்ததால் துளை இருந்ததா என்று பார்க்க வழியில்லை. ஆனால் மூன்றாவது யன்னல் அடைபட்டிருந்தது. என்னுடையதிலும் அது அடைபட்டிருந்தது. எனக்கு அது போதும். அன்றிலிருந்து போகுமிடமெல்லாம் கொண்டு திரிந்தேன்.

விசுவமடு தாண்டி ஒரு பழைய சாமான் கடையில் தண்ணீர் கேட்டேன். வாசலில் ஒரு பெண் பிளாஸ்டிக் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பேச்சில் அது தெரிந்தது. என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த விண்கலத்தின் மூக்கைப் பார்த்தாள்.

"ராக்கெட் வச்சிக்கிட்டு நடந்தா போறீங்கண்ணே?"

"பெற்றோல் முடிஞ்சுது தங்கச்சி."

"விக்கவா?"

"இல்லை. இது என்ர. சின்னனில துலைச்சனான், பிறகு கிடைச்சது."

"ஒங்களதுதான்னு எப்புடித் தெரியும்?"

அடைபட்ட யன்னலைக் காட்டினேன். அவள் உள்ளே போய் இரண்டு விண்கலங்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இரண்டிலும் மூன்றாவது யன்னல் அடைபட்டிருந்தது.

நான் குந்திவிட்டேன். பிழை அச்சினுடையது. அந்த அச்சிலிருந்து விழுந்த எல்லாவற்றுக்கும் அதே யன்னல் மூடித்தான் இருந்திருக்கும். எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அதைத் தங்களுடைய அடையாளம் என்று நினைத்திருப்பார்கள்.

மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது வேறு விஷயங்கள் தெரிந்தன. ஒன்றின் இறக்கை தடிப்பு, மற்றதன் இறக்கை வெற்றிலை போல மெல்லிசு. ஒன்றில் இறக்கையை முளை வைத்துப் பொருத்தியிருந்தார்கள். இன்னொன்றில் உருக்கி ஒட்டியிருந்தார்கள். அவள் கொண்டுவந்த ஒன்றின் வயிற்றில் ஒரு சின்னப் பள்ளம். என் பெருவிரலை வைத்தேன், சரியாகப் பொருந்தியது. எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர், சூடு ஆறுமுன்னே அதை அச்சிலிருந்து இழுத்திருக்கிறார். அவருக்குக் கை சுட்டிருக்கும். அந்த விரல் கடல் தாண்டி, சண்டை தாண்டி, இந்தச் சாக்குக்குள் வந்து கிடக்கிறது.

"எல்லாம் ஒரே பிளாஸ்டிக்கும் இல்ல," என்றாள் அவள். விரல் முட்டியால் ஒவ்வொன்றையும் தட்டினாள். என்னுடையது கண்ணாடிபோலக் கணீரென்றது. மற்ற இரண்டும் மந்தமாகச் சத்தமிட்டன. "தண்ணியில போட்டா தெரியும். மெதக்குறது ஒரு சாக்கு, தாழுறது ஒரு சாக்கு. குமிழி நிக்கிற வரைக்கும் அமுக்கிப் புடிங்க. இல்லாட்டி உள்ள இருக்கிற காத்து ஏமாத்திரும்."

வாளிக்குள் மூன்றையும் அமுக்கிப் பிடித்தேன். குமிழிகள் நின்றதும் கையை எடுத்தேன். அவளுடைய இரண்டும் மேலே வந்தன. என்னுடையது அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

சின்ன வயதில், உள்ளே தண்ணீர் நிறைந்த பிறகும் வாய்க்காலில் மதகு வரைக்கும் மிதந்துபோனது என்னுடையது. இரண்டு வருடமாக நான் சுமந்தது வேறு யாருடையதோ.

மிதந்த இரண்டையும் எடுத்து வாலைப் பார்த்தேன். இரண்டு வாலும் முழுசாக இருந்தன. துளை இல்லை.

"அதுவும் இல்லியா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"உள்ள நாப்பது சாக்கு பிரிக்காமக் கெடக்கு. முல்லைத்தீவுப் பக்கத்துச் சாமான். மொதலாளி ஆளு தேடிக்கிட்டுத்தான் இருக்காரு. ஆனா நீங்க நிக்கிற ஆளு மாதிரித் தெரியலயே."

"நாப்பது சாக்குக்கு நிப்பன்."

மூழ்கியதைத் தாழுகிற சாக்கில் போட எனக்குக் கை வரவில்லை. துடைத்து, வாசல் மதில்மேல் வீதியைப் பார்த்தபடி வைத்தேன். அதைத் தேடுகிறவர் அந்த வழியால் போகவும் கூடும்.

அடுத்த நாள் காலை வாளிக்கு முன்னால் குந்தி, முதல் சாக்கின் வாயை அவிழ்த்தேன்.