வெற்றிலை மையும் ஒரு பிரெஞ்சு நகைச்சுவை நாடகமும்

பாரிசுக்கு எல்லோரும் ஊர் பார்க்கப் போவார்கள். நான் கடந்த பங்குனியில் அக்காவைத் திருத்தப் போனேன். ஊரில் நடந்த கடைசி யுத்தத்தில் காணாமல் போன அவரது மகன் கபிலன் எங்கே இருக்கிறான் என்று, பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு சாத்திரியார் வெற்றிலையில் மை தடவிப் பார்த்துச் சொல்கிறாராம். அக்கா மாதாமாதம் அவரிடம் போகிறார் என்று உறவுக்காரர் ஒருவர் போனில் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லண்டனிலிருந்து ரயிலில் இரண்டேகால் மணி நேரம். முன்கூட்டியே எடுத்ததால் போக வர 110 பவுண். கார் து நோர் நிலையத்தில் இறங்கினால் லா சப்பலுக்கு மெட்ரோ எடுக்காதீர்கள், பத்து நிமிட நடைதான். தூறிக்கொண்டிருந்தது. புடவைக்கடை வாசலில் அக்கா குடையோடு நின்றார். புறநகரான சென் தெனியில் தனியாக இருக்கிறார். அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை. ஒன்பது யூரோவுக்குக் கொத்துரொட்டி வாங்கினோம். ஒரு தட்டு இருவருக்குத் தாராளம்.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. கால் மணி நேர நடையில் ஒரு சின்ன அரங்கு. அங்கே பழைய பிரெஞ்சு நகைச்சுவை நாடகம், ஞாயிறு மூன்று மணிக் காட்சி, ஆளுக்கு 14 யூரோ. போலிச் சாமியார் ஒருவனை வீட்டுக்குள் கொண்டுவந்து, குடும்பமே சொல்லியும் கேளாமல் அவனை நம்பும் பணக்காரனின் கதை. அதைப் பார்த்தாவது அக்காவுக்குப் புத்தி வரட்டும் என்று நினைத்தேன். (பெரிய மூளைதான் எனக்கு.)

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அக்காதான் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். "மனிசி சொல்லுறா, அவன் கள்ளனெண்டு. இந்தாள் கேக்குதில்லை." சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். பாதியில் அக்காவின் குரல் நின்றுவிட்டது. பணக்காரனின் கண் திறந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "அந்தாளைப் போலத்தானே அக்கா நீங்களும்?"

"சாத்திரியார் சொல்லுறது பொய்யெண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியே? முதல் நாளே தெரியும்."

"பிறகேன் போறியள்?"

"கபிலனுக்கு இப்ப நரை விழுந்திட்டுதாம், இளைச்சுப் போனானாம் எண்டு அவர் சொல்லுவார். வேறை ஆர் அவனைப் பற்றி என்னோடை கதைக்கினம்? நீ போன் எடுத்தா இஞ்சை குளிரோ எண்டு கேப்பாய்."

உண்மைதான். எத்தனையோ வருடங்களாக அவன் பெயரையே நான் எடுத்ததில்லை. அக்கா அழுதுவிடுவாரே என்ற பயம். அழுகையைத் தாங்க எனக்குத்தான் தைரியம் இல்லை. வெட்கமாக இருந்தது.

போகிறவர்களுக்கு: ஞாயிறிலும் அங்கே தமிழ்க் கடைகள் பல திறந்திருக்கும். தனியாக இருக்கும் சொந்தத்தைப் பார்க்கப் போனால் திட்டம் எதையும் கொண்டுபோகாதீர்கள். திரும்பும் ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வாருங்கள், பாஸ்போர்ட் வரிசை நீளம்.

அந்த வரிசைக்கு முன்னால் அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னேன். "கபிலன் வருவான் அக்கா."

"உனக்கு நடிக்க வராதடா தம்பி."

பயணப்பையைக் கீழே வைத்தேன். "வாற சனி சாத்திரியாரிட்டை போகேக்கை, அவன் எப்பிடி இருக்கிறானெண்டு கேட்டு எனக்கும் சொல்லுங்கோ."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஓம்" என்றார்.