ஒத்திகை என்று சொல்லாத நாள்

எங்கள் பல் ஆஸ்பத்திரியில் நிர்வாகம் பார்க்கும் அக்காவுக்கு நான் வைத்த பட்டப்பெயர் 'சட்டம்'. முகத்துக்கு நேரே சொல்கிற தைரியமெல்லாம் கிடையாது. நர்ஸிடம் மட்டும், "சட்டம் வருது, போனை உள்ள வை" என்பேன். அது அக்காவுக்கு முதல் நாளே தெரியுமாம். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நான் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பதும், பயந்துபோய் வாசல் பக்கம் நழுவுகிறவர்களைப் பேசிப் பேசி உட்கார வைப்பதும் என் வேலை. வாய் எனக்குக் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அக்கா நேர்மாறு. எது நடந்தாலும் குரல் உயராது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும். சண்டைக்குப் போனால் பதிலுக்குச் சண்டை போட வேண்டாமா மனுஷி?

கருவிகளை வேகவைக்க உள்ளறையில் குக்கர் மாதிரி ஒரு மெஷின் உண்டு. கழுவின கருவியை உறையில் போட்டு அதில் வைக்க வேண்டும். சூடு சரியாக ஏறினால் உறைமேல் இருக்கும் கோடு நிறம் மாறும். ஒருநாள் கோடு அரைகுறையாக மாறியிருந்தது. நாற்காலியில் ஒரு ஆள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறார், டாக்டரம்மா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அக்கா உறையைத் தரவில்லை.

"மறுபடி போடணும் டாக்டர்."

"அக்கா, ஆள் காத்திருக்காரு!" என்றாள் நர்ஸ்.

"காத்திருக்கட்டும். பேசி உட்கார வைக்கத்தான் வெளியில ஆள் இருக்கே."

அந்த ஆள் நான்தான். அன்றைக்கு அந்த நோயாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். டாக்டரம்மா மட்டும் அரை மணி கழித்து, "அவங்க சொன்னது சரிதான்" என்றார். சொல்ல மாட்டாரா பின்னே? திட்டு வாங்கினது நானல்லவா.

இப்படி ஒன்றா இரண்டா! போன் பக்கத்துச் சுவரில் எங்கள் ஆஸ்பத்திரி முகவரியைப் பெரிய எழுத்தில் அக்கா ஒட்டி வைத்திருந்தார். "நம்ம முகவரி நமக்கே தெரியாதாக்கா?" என்று சிரித்தேன். அவசர மருந்துப் பெட்டிக்குப் பூட்டு கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். அந்தப் பெட்டியில் ஒரு மருந்து, யாருக்கும் போடாமலேயே காலாவதியாகும், புதுசு வரும், அதுவும் காலாவதியாகும். "இது என்னக்கா, வராத விருந்தாளிக்குச் சமைச்சுச் சமைச்சுக் கொட்டுறீங்க" என்பேன். "வராம இருந்தா நல்லதுதானே" என்பார்.

போட்டு முடித்த ஊசியைக் கழிக்கும் மஞ்சள் டப்பா விஷயத்தில் மட்டும் அவர் முகமே மாறிவிடும். போட்ட ஊசி ஒரு நொடி மேசையில் கிடக்கக் கூடாது. ஒருநாள் சாப்பாட்டு டப்பா கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன். "மத்த எல்லாத்துக்கும் அமைதியா இருக்கீங்க, ஊசின்னா மட்டும் ஏன்க்கா இந்தக் குதி குதிக்கிறீங்க?"

குழாயை மூடிவிட்டுச் சொன்னார். முன்பு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அழுக்குத் துணி பிரிக்கிற வேலை பார்த்திருக்கிறார். யாரோ படுக்கை விரிப்போடு சுருட்டிப் போட்ட ஊசி உள்ளங்கையில் ஏறிவிட்டது. யாருக்குப் போட்ட ஊசி, அவருக்கு என்ன நோய், ஒன்றும் தெரியாது. ரத்தப் பரிசோதனை, மறுபடி பரிசோதனை என்று மாதக்கணக்கில் இழுத்திருக்கிறது. அப்போது கையில் பால் குடிக்கிற குழந்தை.

"பால் கொடுக்காதேன்னுட்டாங்க. அவ அழுவா. அடுத்த ரூம்ல உட்கார்ந்து நானும் அழுவேன். கடைசியில ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு. அதைப் போட்டவங்க கெட்டவங்க இல்லடி. ஏதோ அவசரம், அவ்வளவுதான்."

அக்கா குழாயைத் திறந்து மிச்ச டப்பாவையும் கழுவினார். இங்கே தரை துடைக்க வந்தவர், வேலை பார்த்துக்கொண்டே சுத்தம், பாதுகாப்பு பற்றிப் படித்துத் தேறி நிர்வாகத்துக்கு வந்தவர் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் வீட்டுக்காரர் தையல்காரர். ஒருமுறை அக்காவைக் கூட்டிப்போக வந்தவர், "எங்க வீட்டுச் சர்க்கரை டப்பாவுலகூட தேதி ஒட்டியிருக்கும்மா. என் முதுகுல ஒட்டாததுதான் பாக்கி" என்று என்னிடம் புலம்பினார். புலம்பலில் பெருமை வழிந்தது.

மாதம் ஒருமுறை ஒத்திகை நடக்கும். யாராவது மயங்கி விழுந்தால் யார் பெட்டியை எடுப்பது, யார் ஊசி போடுவது, யார் போன் செய்வது என்று எல்லாரும் அவரவர் வேலையைச் செய்து பார்க்க வேண்டும். நோயாளி வேஷம் எப்போதும் எனக்குத்தான். வேலை நேரத்தில் படுத்துக் கிடக்கச் சம்பளம் தருகிற இடம் வேறெங்கே கிடைக்கும்? கண்ணைச் செருகி, நாக்கைத் தள்ளி, "ஐயோ, போறேனே! என் பொண்ணைப் பாத்துக்கோங்களேன்!" என்று கூரை பிய்கிற மாதிரி கத்துவேன். நர்ஸ் சிரித்துச் சிரித்துப் பெட்டியைத் தவற விடுவாள். டாக்டரம்மா, "உயிர் போறவங்க இவ்வளவு பேச மாட்டாங்க" என்பார்.

அக்கா சிரிக்க மாட்டார். ஒத்திகை தொடங்கும் முன் நடு ஹாலில் நின்று, "ஒத்திகை!" என்று உரக்கச் சொல்வார். அவர் குரல் உயர்வது அந்த ஒரு வார்த்தைக்குத்தான். "சொல்லாம திடீர்னு வெச்சாத்தானேக்கா சுவாரசியம்?" என்று கேட்டேன்.

"கூடாது. பொய்யையும் நிஜத்தையும் கலக்கக் கூடாது. நான் ஒத்திகைன்னு சொல்லலைன்னா அது நிஜம். இதை மட்டும் மறந்துடாதீங்க."

மறந்துதான் போனோம்.

அன்றைக்கு எனக்கே கடைவாய்ப் பல் வலி. வீங்கியிருந்தது. டாக்டரம்மா பார்த்தார். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று வழக்கம்போலக் கேட்டார். அதெல்லாம் இல்லை என்றேன். உண்மைதான், அதே மாத்திரையை முன்பு சாப்பிட்டவள் நான். யார்மேலும் குற்றம் இல்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு என் மேசைக்கு வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை அரித்தது. காது சூடாகியது. உதடு என்னுடையது இல்லாத மாதிரி தடித்தது. டாக்டரம்மாவைக் கூப்பிடலாம் என்று எழுந்தேன். குரல் வரவில்லை. மேசையைப் பிடித்தேன், கை வழுக்கியது. நாற்காலி வரிசைக்கு முன்னால், ஒத்திகையில் நான் வழக்கமாக விழுகிற அதே இடத்தில் விழுந்தேன்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, இன்னைக்கு நடிப்பு பிரமாதம்!" என்று கை தட்டினாள்.

டாக்டரம்மா கதவருகே வந்து, "இந்த மாசத்து ஒத்திகைதான் முடிஞ்சுடுச்சே?" என்று சிரித்தார்.

எல்லாம் காதில் விழுகிறது. இல்லை, இது நடிப்பில்லை என்று சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் பேசுகிற வாய், அந்த ஒரு வார்த்தைக்குத் திறக்க மாட்டேன் என்கிறது. மூச்சு ஊசித்துவாரம் வழியாகப் போகிற மாதிரி போகிறது. என் பொண்ணு ஸ்கூல் விட்டு வந்து கதவைத் தட்டுவாளே, யார் திறப்பார்கள் என்று நினைத்தேன். வேறொன்றும் தோன்றவில்லை.

அப்போது உள்ளறையிலிருந்து, கருவி கழுவுகிற தடித்த கையுறையோடு அக்கா வந்தார். என்னைப் பார்த்தார். முகம் வெளிறியது.

"நான் சொல்லலை!" என்று கத்தினார். "ஒத்திகைன்னு நான் சொல்லலை!"

அவ்வளவுதான். நர்ஸின் சிரிப்பு நின்றது. பெட்டி பறந்து வந்தது. பூட்டு இல்லை, சாவி தேடவில்லை. வராத விருந்தாளிக்கென்று வாங்கி வாங்கி வைத்த அந்த மருந்தை டாக்டரம்மா என் தொடையில் துணிமேலேயே போட்டார். அக்கா என் காலை நாற்காலிமேல் தூக்கி வைத்து, முகத்தில் ஆக்ஸிஜன் மாட்டினார். ஒருவர்மேல் ஒருவர் இடிக்கவில்லை, என்ன செய்யலாம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நர்ஸ் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தாள். எடுத்தவளுக்கு எங்கள் முகவரி மறந்துபோய்விட்டதாம். சுவரைப் பார்த்துப் படித்தேன் என்று பிறகு அழுதுகொண்டே சொன்னாள்.

மூச்சு மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. கண்ணைத் திறந்தால், அக்கா தரையில் கிடந்த ஊசியை எடுத்து மஞ்சள் டப்பாவில் போட்டுக்கொண்டிருக்கிறார். என் உயிர் இன்னும் பாதி வழியில் நிற்கிறது, அந்தம்மாவுக்கு ஊசி! சிரிக்க வேண்டும் போலிருந்தது. அழுகைதான் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தபோது என் வீட்டுக்காரர் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். என் பொண்ணு என் போர்வைக்குள்ளேயே வந்து படுத்துக்கொண்டாள். "எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"நீ வாயை மூடிக்கிட்டு படுத்திருந்தே. அதுல தெரியாதா?" என்றார்.

அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. 'சட்டம்' என்று கூப்பிடுவதை நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். "ஏன் நிறுத்திட்டே? நல்லாத்தானே இருந்துச்சு" என்று அவரே கேட்டார். இப்போது முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறேன்.

அடுத்த மாத ஒத்திகை வந்தது. இந்தத் தடவை நர்ஸ் படுக்கட்டும் என்றார் டாக்டரம்மா. "அதெல்லாம் முடியாது, என் இடத்தை யாரும் பிடிக்கக் கூடாது" என்று போய் அதே இடத்தில் படுத்துக்கொண்டேன். அக்கா நடு ஹாலில் வந்து நின்றார். வாயைத் திறந்தார். "ஒத்திகை" என்றார், அடுத்த ஆளுக்குக்கூடக் கேட்காத குரலில். பிறகு இன்னொரு தடவை சொன்னார்.

நர்ஸ் பெட்டியோடு ஓடி வந்தாள். டாக்டரம்மா வெறும் கையால் ஊசி போடுகிற மாதிரி செய்தார். அக்கா என் காலைத் தூக்கி வைக்க வேண்டும். வைக்கவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நாடி பார்ப்பது ஒத்திகையில் அவர் வேலையே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஐயோ, போறேனே!" என்று பலம் கொண்ட மட்டும் கத்தினேன். "என் பொண்ணைப் பாத்துக்கோங்களேன்! என்னைக் கொல்றாங்களே!"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு ஆள் அப்படியே மாட்டிக்கொண்டு திரும்பிப் போனார். நர்ஸ் சிரித்தாள். அக்கா கையை விடவில்லை. கண்ணிலிருந்து கொட்டியது, துடைக்கவும் இல்லை.

"கத்துடி," என்றார். "இன்னும் நல்லா கத்து."