சிவப்பு மையால் நான் அடித்த எண்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. படத்துக்கு மாலை போட்டு, படையலிட்டு, இந்த நினைவு மலரை உங்கள் கையில் கொடுக்கிறோம். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், நாலு வரி எழுதத் தெரிந்தவன் என்பதால் இந்தக் கட்டுரை என் தலையில் விழுந்தது. "நல்லதா எழுதுங்க மாமா, உங்களைவிட யாருக்குத் தெரியும் அவங்களைப் பத்தி?" என்றார் என் மருமகன்.

நல்லதுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அக்காவுக்கு நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் சபையில் எழுந்து நின்று சொல்ல எனக்குத் தைரியம் போதாது. அச்சில் வந்துவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

வெண்ணாற்றுத் தென்கரையில் உள்ள எங்கள் ஊரில்தான் அக்கா பிறந்தார். அப்பா பண்ணை வேலை செய்தவர். பிறகு கொஞ்ச நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துப் பயிர் வைத்தார். ஒரு சம்பா நடவின்போது வயலிலேயே அப்பாவுக்கு வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. மூன்றாம் நாள் போய்விட்டார். அப்போது அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்குப் பன்னிரண்டு.

பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்த அக்கா, அடுத்த வாரமே அம்மாவோடு நடவுக்கு இறங்கினார். என்னைக் களையெடுக்கக்கூட விட்டதில்லை. "நீ கணக்கைப் போடு தம்பி, சேத்தை நான் பாத்துக்குறேன்" என்பார். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போன வருடம் அம்மாவும் இறந்தார். அப்பா எதனால் இறந்தார் என்று கேட்டால் எங்கள் சொந்தத்தில் எல்லோரும் பளிச்சென்று சொல்வார்கள், பக்கவாதம் என்று. அம்மா எதனால் இறந்தார்? "தலைவலி தலைவலின்னு படுத்தா, எந்திரிக்கல" என்பதோடு சரி. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

அக்காவை முத்துப்பேட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். கர்ப்பமாகி எட்டாம் மாதத்தில் கால் இரண்டும் வீங்கி, கண் மங்கி, வேனில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே வலிப்பு வந்துவிட்டது. நான் உடன் இருந்தேன். டாக்டரம்மா வெளியே வந்து இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, குழந்தை தங்கவில்லை. இன்னொன்று, "இவங்களுக்குப் பிரஷர் எக்கச்சக்கமா ஏறிடுச்சு. இனிமே வாழ்நாள் பூரா அப்பப்ப பாத்துக்கிட்டே இருக்கணும், மறந்துடாதீங்க." முதலாவதைக் கேட்டு எல்லோரும் அழுதோம். இரண்டாவது எங்கள் காதில் ஏறவே இல்லை. பிள்ளை போன வீட்டில் பிரஷரைப் பற்றி யார் நினைப்பார்கள்?

சில வருடங்களில் மஞ்சள் காமாலையில் மாமாவும் போய்விட, அக்கா ஊருக்கே திரும்பி வந்து அங்கன்வாடி ஆசிரியை ஆனார். எங்கள் ஊரில் இன்று வேலைக்குப் போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அக்கா கையால் சத்துமாவு உருண்டை சாப்பிட்டவர்கள். அழுகிற பிள்ளையை அக்கா ஒருநாளும் அதட்டியதில்லை. அதட்டல், கத்தல் எல்லாம் குடும்பத்தில் என் இலாகா. என்னிடம் படித்தவர்கள் இந்த மலரைப் படித்தால் இந்த இடத்தில் சிரிப்பார்கள்.

எனக்கு நாற்பத்தொன்பது வயதில் நெஞ்சுவலி வந்தது. அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தவன் மேசையிலேயே சாய்ந்துவிட்டேன். தஞ்சாவூரில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். என் மனைவியும் வேலைக்குப் போகிறவள் என்பதால் அக்கா இரண்டு மாதம் விடுப்பு போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பிறகு வேலையையே எழுதிக் கொடுத்துவிட்டு எங்களோடு தங்கிவிட்டார்.

அன்று முதல் நான் அந்த வீட்டில் ராஜா! "அந்த வீட்டு ஆம்பளைங்களுக்கு நெஞ்சும் ரத்தக் குழாயும் ஆகாது" என்று சொந்தத்தில் பேச்சாகிவிட்டது. அப்பாவுக்கு வந்தது, எனக்கு வந்தது, எனவே ஆண் வழியில் வருவது. கணக்கு வாத்தியார் நானும் அதை ஒப்புக்கொண்டேன். அதே அப்பாவுக்குப் பிறந்த மூத்த பிள்ளை ஒன்று எனக்குப் பக்கத்திலேயே அடுப்படியில் நின்றுகொண்டிருக்கிறதே என்று என் மண்டைக்கு உறைக்கவில்லை.

எனக்கு உப்பில்லாச் சமையல். நான் முகத்தைச் சுளித்து மிச்சம் வைப்பதை வீணாக்க மனமில்லாமல் அக்கா சாப்பிடுவார், உப்பு நாரத்தங்காயும் கருவாடும் தொட்டுக்கொண்டு. "நீ குடுத்து வெச்சவக்கா, இரும்பு உடம்பு" என்று கிண்டல் செய்வேன். அக்காவும் சிரிப்பார். அவருக்குப் பின்மண்டை வலிக்கும், உடம்பு திடீரென்று தகிக்கும், தூக்கம் வராது. மாதவிடாய் நிற்கிற வயது, பெண்களுக்கு அப்படித்தான் என்று அவரும் சொன்னார், நாங்களும் சொன்னோம். ஒரு தைல பாட்டிலோடு அந்த விசாரணை முடிந்துவிடும்.

வீட்டிலேயே பிரஷர் பார்க்கும் மெஷின் வாங்கினோம். தினமும் காலை ஆறு மணிக்கு அக்கா என் இடது சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, பட்டையைச் சுற்றி, எண்ணைப் பார்த்து, என் பேர் எழுதிய ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுவார். முத்து முத்தான கையெழுத்து. டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டு கூட வரும். "உங்க அக்கா மாதிரி எல்லா வீட்டிலேயும் ஒருத்தர் இருந்தா எனக்கு வேலையே இல்ல சார்" என்பார் இதய மருத்துவர். எனக்குப் பெருமை தாங்காது.

ஒருமுறை டாக்டரிடம் போவதற்கு முன் நோட்டைப் புரட்டினேன். ஒரு நாள் காலையில் எழுதிய எண்ணுக்குக் கீழே, சின்னதாக, தேதி இல்லாமல் இன்னொரு எண் இருந்தது: 190/110. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த இரண்டு பக்கத்திலும் அதேபோல் ஒவ்வொன்று.

"என்னக்கா இது? இப்படி எழுதி வெச்சிருக்கே?"

"மெஷினு அப்படித்தான் காட்டுச்சு தம்பி. அது வந்து…"

"மெஷின் காட்டுமா? பட்டையை ஒழுங்காக் கட்டினாத்தானே ஒழுங்காக் காட்டும்! எனக்கு இவ்வளவு இருந்தா நான் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பேன். டாக்டர் பாத்தா பெட்டுல சேத்துடுவாரு. ஒரு எண்ணைப் பாத்து எழுதத் தெரியலையா உனக்கு?"

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "சரிப்பா, அடிச்சிடு" என்றார்.

பையில் சிவப்புப் பேனா இருந்தது. மூன்று எண்களையும் அடித்தேன். பழக்கதோஷம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'தவறு' என்றும் எழுதினேன்.

அதன் பிறகு அந்த மாதிரி எண் நோட்டில் வரவே இல்லை. நான் திருத்தியது பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து வருடம் இப்படிப் போனது. அக்கா அறுபத்தைந்தைத் தாண்டியதும் மெல்ல மெல்லப் பிசகத் தொடங்கினார். ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போடுவார், அல்லது புளியே இல்லாமல் இறக்கிவைப்பார். தெருமுனைக் கடைக்குப் போனவரை ஒரு ஆட்டோக்காரர் கூட்டிவந்து விட்டார். வயதாகிறது என்றேன். பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்த என் மகள் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "வயசுன்னு சொல்லிட்டு விட்டுடாதீங்கப்பா. அத்தைக்கு என்னமோ இருக்கு" என்று கையோடு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனாள்.

அந்த மருத்துவர் அம்மா ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்துக் காட்டினார். மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அங்கங்கே அடைபட்டு, வெளுத்துப்போன திட்டுகள். வருடக்கணக்காக ஏறிக் கிடந்த பிரஷரின் வேலை என்றார்.

"இவங்களுக்கு எத்தனை வருஷமா பிரஷர் இருக்கு?"

"எங்க அக்காவுக்கா? ஒண்ணும் கிடையாதும்மா. எனக்குத்தான் பிரஷர்" என்றேன். கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். பிறகு நர்ஸ் பார்த்துச் சொன்ன எண்ணைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன்.

"கர்ப்பமா இருந்தப்போ பிரஷர் ஏறிச்சா? வலிப்பு வந்துச்சா?"

மூளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம்தான் அந்த முத்துப்பேட்டை வேன் ஞாபகம் வந்தது. சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"அன்னிக்கே அடிச்ச மணி சார் அது. அப்படி ஆனவங்களுக்குப் பின்னாடி பிரஷர், நெஞ்சு, மூளை எல்லாத்துலயும் ஆபத்து கூடுதல். ஆம்பளைங்களுக்கு நெஞ்சுவலி சீக்கிரமே வந்துடுது, நாம பதறிப்போய் எல்லாத்தையும் பாத்துடுறோம். பெண்களுக்கு மாதவிடாய் நின்ன பிறகுதான் பிரஷர் மளமளன்னு ஏறும். அப்போ யாரும் பாக்குறதில்ல. நடு வயசுப் பிரஷரும் சர்க்கரையும் பெண்களோட மூளையை இன்னும் அதிகமா பாதிக்குதுன்னு சில ஆராய்ச்சியில சொல்றாங்க. அது இன்னும் முழுசா தெளிவாகல. ஆனா பாக்காம விடுறோம்ங்கறது தெளிவு."

மாத்திரை கொடுத்தார். மேலே கெடுவதை மெதுவாக்கலாம், போனது வராது என்றார்.

வீட்டுக்கு வந்து, பரணில் கட்டிவைத்திருந்த பழைய நோட்டுகளை இறக்கினேன். நர்ஸ் சொன்ன எண்ணை எங்கேயோ பார்த்த ஞாபகம். அந்தப் பக்கத்தை எடுத்து என் மனைவியிடம் காட்டினேன். அவள் நின்றபடியே பார்த்தாள்.

"அன்னிக்கு அண்ணிக்குத் தலை சுத்திச்சுங்க. தானே கட்டிப் பாத்தாங்க, நான் பக்கத்துலதான் இருந்தேன். தம்பி நோட்டுல எழுதி வெச்சா டாக்டர்கிட்ட காட்டுவான், எனக்கும் ஏதாவது சொல்வாருன்னாங்க. அப்படித்தான் மூணு தடவை எழுதினாங்க."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க சொல்ல விட்டீங்களா?" என்றாள். பிறகு, "நானும்தான் விட்டுட்டேன்" என்று அழுதாள்.

மூன்று தடவை. தன் வாயால் ஒன்று கேட்கத் தெரியாத மனுஷி, என் நோட்டில் ஓர் ஓரமாக மூன்று தடவை எழுதிக் கேட்டிருக்கிறார். நான் மூன்றையும் சிவப்பில் அடித்திருக்கிறேன். சே, என்ன வாத்தியார் நான்! முப்பது வருடம் பிள்ளைகளிடம், விடை பெரிதாக வந்தால் உடனே தப்பு என்று சொல்லாதே, கணக்கை மறுபடி பார் என்று சொல்லிக்கொடுத்தவன்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். அவருக்கு நான் எதைச் சொல்கிறேன் என்றே புரியவில்லை. நெற்றியில் கைவைத்து, "காய்ச்சலா தம்பி?" என்றார்.

ஐந்து வருடம் அக்காவை வைத்துப் பார்த்துக்கொண்டோம். பேர்கள் போயின, ஊர் போயிற்று, அங்கன்வாடி போயிற்று. ஆறு மணி மட்டும் போகவில்லை. விடிந்ததும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து என் சட்டைக் கையைச் சுருட்டுவார். பட்டையைத் தலைகீழாகச் சுற்றுவார். நோட்டில் ஏதோ கிறுக்குவார். நான் ஒன்றையும் அடிக்கவில்லை.

கடைசி மாதங்களில் நான் யார் என்பதும் போய்விட்டது. ஒருநாள் காலை அவர் கையில் பட்டையைச் சுற்றினேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"வேணாங்க. இது எங்க தம்பி மெஷினு."

"நான்தான்க்கா தம்பி."

என் முகத்தைப் பார்த்தார். நரைத்த கிழவன் ஒருவன் பொய் சொல்கிறான் என்று நினைத்திருப்பார். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

"அவன் ஸ்கூலுக்குப் போயிருக்கான். வர்றதுக்குள்ள கழட்டிடுங்க. பாத்தா கத்துவான்."

கழற்றிவிட்டேன். வேறு என்ன செய்ய? வாசலுக்குப் போய் நின்று அழுதேன்.

அக்காவின் உயிர் பிரிந்த காலையிலும் அவர் கை என் இடது சட்டைக் கையைத்தான் தேடியது.

அந்த ஐந்து ஆண்டுகளில் அக்காவைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, ஒரு நாளும் முகம் சுளிக்காத என் மனைவிக்கு இந்தக் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. பாதி வழியில் நின்ற அக்காவைப் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டுப் பேர்கூடச் சொல்லாமல் போன ஆட்டோக்காரத் தம்பிக்கும், எத்தனை முறை கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொன்ன மருத்துவர் அம்மாவுக்கும், செய்தி கேட்டதும் வயல் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பாடை கட்டிய எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும், இன்று வெயிலில் வந்து அமர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் இரு கை கூப்பிய வணக்கம்.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்று பந்திக்குப் பக்கத்து அறையில் அதே மெஷினோடு என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். ஆண்கள் முதலில் சாப்பிடப் போகலாம், தடையில்லை. பெண்கள் ஒவ்வொருவராக அந்த அறைக்கு வந்து கையை நீட்டிவிட்டுப் போங்கள். பிள்ளைப்பேற்றின்போது பிரஷர் ஏறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். எண் பெரிதாக வந்தால் உங்கள் வீட்டு ஆண்கள் மெஷினைத் திட்டாமல் மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போகட்டும். எழுதுவதற்குப் புது நோட்டு வைத்திருக்கிறோம். அதில் என் பேர் கிடையாது.

பழைய நோட்டும் அந்த மேசையில்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். நேற்று அதே சிவப்புப் பேனாவால், அடித்த மூன்று எண்களுக்கும் பக்கத்தில் 'சரி' போட்டிருக்கிறேன். அக்கா, நீ எழுதியது சரிதான்.

— தம்பி